சுகுபாவில் ரோட்ஸ்டர்: ஃபைனல் கியரை மட்டும் மாற்றினால் போதுமா, ஒவ்வொரு கியரையும் தொட வேண்டுமா?

#1 மஞ்சள்கோடு

வணக்கம். கார் பந்தய விளையாட்டான கிரான் டூரிஸ்மோ 7இல் இரண்டு வாரமாக ஒரே காரோடு இருக்கிறேன்: மாஸ்டா ரோட்ஸ்டர் எஸ், 2015 மாடல். சுகுபா டிராக்கில் டைம் ட்ரையல், அதாவது தனியாக ஓட்டி லேப் நேரத்தைக் குறைப்பது. இன்ஜினைத் தொடவில்லை, எடையைக் குறைக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் டயர் போட்டு, முழுதாக மாற்றக்கூடிய கியர்பாக்ஸ் வாங்கிப் பொருத்தினேன். அவ்வளவுதான்.

குட்டை கியர், அதாவது குறைந்த வேகத்திலேயே முடிந்துவிடும் கியர், வைத்தால் பிக்கப் கூடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று உச்ச வேக ஸ்லைடரை நன்றாகக் கீழே இழுத்தேன். கியர்கள் எல்லாம் நெருங்கி வந்துவிட்டன. ஓட்டும்போது இன்ஜின் சத்தம் அருமையாக இருக்கிறது, ரெவ், அதாவது இன்ஜின் சுற்றும் வேகம், எப்போதும் மேலேயே நிற்கிறது. ஆனால் லேப் டைம் ஒரிஜினல் கியர்பாக்ஸைவிட 0.2 நொடி அதிகம். ஒரு லேப் இல்லை, பத்து லேப் ஓட்டி சராசரி எடுத்துத்தான் சொல்கிறேன். என்னுடைய பழைய கோஸ்ட் (முந்தைய லேப்பைக் காட்டும் நிழல் கார்) பின் நேர்பாதையில் மெல்ல மெல்ல என்னைவிட்டு விலகிப் போகிறது.

எங்கே தப்பு செய்கிறேன்? எல்லா கியருக்கும் பொதுவான ஃபைனலை மட்டும் மாற்றுவதா, ஒவ்வொரு கியரையும் தனியாக வைப்பதா? ஸ்டீயரிங் வீல், பேடில் ஷிப்ட்தான். ஏபிஎஸ் உண்டு, டிராக்ஷன் கன்ட்ரோல் இல்லை.

#2 ஸ்ப்ராக்கெட்

தம்பி, நான் வண்டி வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

பைக்கில் முன் ஸ்ப்ராக்கெட் 14 பல் இருந்ததை 13 ஆக்கினால் எல்லா கியரும் ஒரே விகிதத்தில், ஏறக்குறைய 7.7 சதவீதம், குட்டையாகிவிடும். பிக்கப் கூடும், உச்ச வேகம் குறையும். உங்கள் விளையாட்டில் ஃபைனல் கியர் செய்யும் வேலை அதுதான். பெட்டிக்குள் இருக்கும் கியர்களுக்கு நடுவிலான இடைவெளி அப்படியே இருக்கும்.

நீங்கள் செய்தது வேறு. உச்ச வேக ஸ்லைடரை இழுத்தால் விளையாட்டு எல்லா கியரையும் தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிடும். ஆறு கியரையும் சின்ன வேகத்துக்குள் திணித்தால் என்ன ஆகும்? ஒரு நேர்பாதையில் இரண்டு ஷிப்ட் போட வேண்டிய இடத்தில் நான்கு போடுவீர்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுகிறது. ஒரு ஷிப்டுக்கு 0.3 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் போகும் கார் அந்த நேரத்தில் 11 மீட்டர் சும்மா உருள்கிறது. கோஸ்ட் விலகிப் போவது அங்கேதான்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரிஜினல் விகிதத்துக்குத் திரும்பிப் போய், டிராக்கில் இரண்டு எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நீளமான நேர்பாதையின் முடிவில், பிரேக் போடும் நொடியில், எத்தனை கி.மீ. வேகம்? மிக மெதுவான வளைவின் நடுவில் எத்தனை? அதைப் பார்க்காமல் ஸ்லைடரைத் தொடாதீர்கள்.

#3 எட்டாம்வளைவு

ஸ்ப்ராக்கெட் அண்ணன் சொன்னதோடு சேர்த்துக் கொஞ்சம் கணக்கு. கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் ஒரு முறை போட்டுப் பார்த்தால் பிறகு கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

வேகம் = ஆர்பிஎம் × டயர் சுற்றளவு × 60 ÷ (கியர் விகிதம் × ஃபைனல் × 1000). ஆர்பிஎம் என்றால் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று. சுற்றளவு மீட்டரில், விடை மணிக்கு கி.மீ.யில்.

இந்த ரோட்ஸ்டரின் டயர் 195/50 ஆர்16. விட்டம் 601 மி.மீ., சுற்றளவு சுமார் 1.89 மீட்டர். மாஸ்டா கொடுத்திருக்கும் விகிதங்கள் முதல் கியரிலிருந்து 5.087, 2.991, 2.035, 1.594, 1.286, 1.000. ஃபைனல் 2.866. இன்ஜின் 7,500 வரை சுற்றும். இதையெல்லாம் சூத்திரத்தில் போட்டால் ஒவ்வொரு கியரும் 7,500இல் தொடும் வேகம்: 58, 99, 146, 186, 231, 297.

அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். 131 குதிரைத்திறன் உள்ள கார் 297 கி.மீ. ஒருநாளும் தொடாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ள எட்டு மடங்கு திறன் வேண்டும். ஆறாவது கியர் ஜப்பானிய நெடுஞ்சாலையில் அமைதியாக, பெட்ரோல் மிச்சப்படுத்திப் போவதற்கு வைத்தது. பந்தயத்தில் அது தூங்குகிற கியர்.

இன்னொன்று, ஷிப்ட் போட்டதும் ரெவ் எங்கே விழுகிறது என்பது. 7,500இல் மாற்றினால், ஒன்றிலிருந்து இரண்டுக்கு 4,410. இரண்டிலிருந்து மூன்றுக்கு 5,100. மூன்றிலிருந்து நான்குக்கு 5,875. மேலே போகப் போக இடைவெளி சுருங்குகிறது பாருங்கள். அதுதான் நல்ல கியர்பாக்ஸின் அடையாளம். குறைந்த வேகத்தில் காற்றுத் தடை இல்லை, அதனால் பெரிய தாவல் தாங்கும். அதிக வேகத்தில் ஒவ்வொரு குதிரையும் தேவை, அதனால் சின்னத் தாவல்.

இந்த இன்ஜினின் உச்சத் திறன் 7,000இல் வருகிறது. உச்ச டார்க் (சுழற்றும் விசை) 150 நியூட்டன் மீட்டர், அது 4,800இல். பலர் டார்க் உச்சத்தைச் சுற்றி கியர் வைக்கப் பார்க்கிறார்கள். தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் தள்ளுவிசையைத் தீர்மானிப்பது அந்த நொடியில் இன்ஜின் கொடுக்கும் திறன்தான். அதனால் 7,000ஐச் சுற்றி எவ்வளவு நேரம் இருக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

#4 மஞ்சள்கோடு

அண்ணா, குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரிஜினல் கியர்பாக்ஸில் பின் நேர்பாதை முடிவில் 158. முதல் ஹேர்பின்னில் (கொண்டை ஊசி வளைவு) மிகக் குறைந்த வேகம் 62. இரண்டாவது ஹேர்பின்னில் கொஞ்சம் கூடுதல், 66 அல்லது 67.

கியர்: ஹேர்பின்னில் இரண்டாவது. வெளியே வந்து 99இல் மூன்றாவது. 146இல் நான்காவது. நான்காவதில் கொஞ்ச தூரம்தான், 158இல் பிரேக்.

எட்டாம்வளைவு, உங்கள் அட்டவணையும் நான் திரையில் பார்த்ததும் ஒன்றிரண்டு கி.மீ. வித்தியாசத்தில் ஒத்துப்போகிறது. ஆச்சரியமாக இருந்தது.

#5 ஸ்ப்ராக்கெட்

சரி, இனி எளிது. 158இல் பிரேக் போடுகிறீர்கள். அப்போது நான்காவது கியரில் இன்ஜின் 6,370இல்தான் இருக்கிறது. இன்னும் ஆயிரத்துக்கு மேல் சுற்று மிச்சம். அது வீண்.

நான்காவது கியரின் முடிவை 163க்குக் கொண்டு வாருங்கள். அதாவது 5 கி.மீ. கையிருப்பு. நல்ல லேப்பில் வளைவிலிருந்து கொஞ்சம் வேகமாக வெளியே வந்தால் லிமிட்டரில் (ரெவ் 7,500ஐத் தாண்டாமல் தடுப்பது) முட்டக்கூடாது, அதற்காக. ஃபைனலை 2.866இலிருந்து 3.27 ஆக்குங்கள், வேறெதையும் தொட வேண்டாம். இரண்டாவது 87, மூன்றாவது 128, நான்காவது 163 என்று அமரும்.

இதன் அழகு என்ன தெரியுமா? ஷிப்ட் எண்ணிக்கை பழையதேதான். ஹேர்பின்னிலிருந்து பிரேக் வரை இரண்டு ஷிப்ட். ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனால் முழு தூரமும் இன்ஜின் மேல் ரெவ்வில் இருக்கும். காசு கொடுக்காமல் கிடைத்த பிக்கப்.

#6 எட்டாம்வளைவு

அண்ணா, மன்னிக்கவும், இதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபைனலை மட்டும் மாற்றினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அந்தப் பெரிய பள்ளம் அப்படியே இருக்கிறது. 7,500இல் மாற்றினால் 5,100க்கு விழுகிறது. தனித்தனியாக வைக்கும் வசதிக்குத்தானே இந்த கியர்பாக்ஸை வாங்கினோம்?

என் யோசனை: ஃபைனல் பழையபடி 2.866. இரண்டாவது 3.370, மூன்றாவது 2.625, நான்காவது 2.149, ஐந்தாவது 1.820. முடிவு வேகம் 88, 113, 138, 163. ஒவ்வொரு படியும் 25 கி.மீ. ரெவ் விழுவது 5,840, 6,140, 6,350. ஷிப்ட் போட்டதும் இன்ஜின் 5,800க்குக் கீழே போகவே போகாது. ஒரு ஷிப்ட் கூடும்தான், ஆனால் கிடைக்கிற திறன் அதை ஈடுகட்டும் என்று நினைக்கிறேன்.

#7 நெடுஞ்சாலை

நான் பெரும்பாலும் ஃபோர்ஸா ஹொரைசன் 5 ஆடுகிறவன். அங்கே ஸ்போர்ட் கியர்பாக்ஸ் போட்டால் ஃபைனலை மட்டும் மாற்றலாம், ரேஸ் கியர்பாக்ஸ் போட்டால்தான் ஒவ்வொரு கியரும் கைக்கு வரும். ரேஸ் கியர்பாக்ஸ் விலையும் கூட, காரின் வகுப்புப் புள்ளியும் ஏறும். அதனால் பல கார்களுக்கு நான் ஸ்போர்ட்டோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் புள்ளியை டயருக்குச் செலவழிக்கிறேன். ஃபைனல் மட்டுமே முக்கால்வாசி வேலையை முடித்துவிடுகிறது என்பது என் அனுபவம். ஸ்ப்ராக்கெட் அண்ணன் பக்கம் ஒரு ஓட்டு.

ஆனால் டர்போ காருக்கு எட்டாம்வளைவு சொல்வது சரி. லேன்சர் எவல்யூஷன் மாதிரி காரில் ரெவ் கொஞ்சம் அதிகமாக விழுந்தால் பூஸ்ட் செத்துவிடும், திரும்ப அழுத்தம் ஏற நேரம் பிடிக்கும். அங்கே நெருக்கமான கியர் தேவை. ரோட்ஸ்டர் டர்போ இல்லாத இன்ஜின், ரெவ் ஏற ஏற திறன் சீராக ஏறும். பள்ளம் அவ்வளவு வலிக்காது.

#8 ஈரத்தடம்

இடையில் ஒரு சின்ன எச்சரிக்கை. கிரான் டூரிஸ்மோ 7இல் கியர் விகிதத்தை மாற்றினால் காரின் பிபி எண்ணும் (காரின் திறனுக்கு விளையாட்டு கொடுக்கும் மதிப்பெண்) அசையும். டைம் ட்ரையலில் தனியாக ஓட்டும்போது கவலையில்லை. பிபி வரம்பு உள்ள பந்தயத்துக்கு இதே காரைக் கொண்டுபோனால் உள்ளே விடாமல் நிறுத்திவிடும். எனக்கு ஒரு முறை அறையில் எல்லோரும் காத்திருக்கும்போது நடந்தது. கியர் மாற்றியதும் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், உச்ச வேக ஸ்லைடரைத் தொடுவதாக இருந்தால் முதலில் தொடுங்கள். தனித்தனியாக எல்லாம் வைத்து முடித்த பிறகு அதைத் தொட்டால் செய்த வேலை எல்லாம் அழிந்துவிடும்.

#9 மஞ்சள்கோடு

மூன்று நாளாக வேலை முடிந்து வந்து இதே வேலை. இரண்டையும் பத்துப் பத்து லேப் ஓட்டினேன். டயர் தேயாமல், பெட்ரோல் குறையாமல் வைத்துக்கொண்டேன். முடிவு:

ஸ்ப்ராக்கெட் அண்ணனின் ஃபைனல் 3.27: ஒரிஜினலைவிடச் சராசரியாக 0.35 நொடி குறைவு.

எட்டாம்வளைவின் நெருக்கமான கியர்: ஒரிஜினலைவிட 0.15 நொடி குறைவு. ஆனால் லேப்புக்கு லேப் ஒரே மாதிரி வரவில்லை. ஒரு லேப் நன்றாக வரும், அடுத்ததில் டன்லப் வளைவு தாண்டி வரும் 80ஆர் என்ற வளைவில் காரின் பின்பக்கம் நழுவும். பத்தில் மூன்று லேப்பில் அந்த இடத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்த வேண்டியிருந்தது.

நேர்பாதையில் மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம். கோஸ்ட்டை ஓடவிட்டுப் பார்த்தேன், பிரேக் போடும் இடத்தில் ஒரு கார் நீளம்கூட வித்தியாசமில்லை. நேரம் போவது 80ஆரில்தான். ஏன் என்று புரியவில்லை.

#10 எட்டாம்வளைவு

ரீப்ளேயில் 80ஆர் வரும்போது திரையில் கியர் எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா? எந்த இடத்தில் மூன்றிலிருந்து நான்கு போடுகிறீர்கள்?

#11 மஞ்சள்கோடு

பார்த்தேன். 113இல் நான்கு போடுகிறேன். கார் 80ஆரின் நடுவில், ஸ்டீயரிங் நன்றாகத் திரும்பி இருக்கும்போது. ரீப்ளேயை மெதுவாக ஓட்டினால் தெளிவாகத் தெரிகிறது: ஷிப்ட் விழும் நொடியில் மூக்கு லேசாக உள்ளே இழுக்கிறது, கியர் பிடித்ததும் பின்பக்கம் ஒரு உலுக்கு உலுக்குகிறது. நான் அந்த உலுக்கலைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு நாள் டயர் பிடிப்பு போதவில்லை என்று நினைத்திருந்தேன்.

ஃபைனல் 3.27இல் இந்த இடத்தில் ஷிப்டே இல்லை. மூன்றாவதிலேயே 120 வரை போய் அப்படியே இரண்டாவது ஹேர்பின்னுக்குப் பிரேக் போடுகிறேன்.

#12 எட்டாம்வளைவு

இதுதான் விஷயம். நான் தோற்றேன், ஸ்ப்ராக்கெட் அண்ணன் வைத்தது சரி. ஏன் என்று எழுதிவிடுகிறேன், இந்த இழைக்குப் பிறகு வருகிறவர்களுக்கு உதவும்.

நான் கியர்களை வேக அட்டவணையில் அழகாக அடுக்கினேன். 25 கி.மீ. படி, பார்க்க நேர்த்தி. ஆனால் கார் அட்டவணையில் ஓடவில்லை, சுகுபாவில் ஓடுகிறது. ஷிப்ட் எந்த வேகத்தில் வருகிறது என்று கணக்குப் போட்டேனே ஒழிய, டிராக்கில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்க்கவே இல்லை. பின்சக்கரம் இழுக்கும் கார், டயர்கள் பக்கவாட்டில் முழு சுமை தாங்கிக்கொண்டிருக்கும் நேரம். அப்போது உந்துவிசையைத் துண்டித்து மறுபடி சேர்த்தால் எடை முன்னே போய்ப் பின்னே வருகிறது. 990 கிலோ எடையுள்ள லேசான கார் அதை உடனே காட்டிக்கொடுக்கும்.

ஃபைனல் 3.27இல் 120 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியரில் ரெவ் எங்கே இருக்கிறது என்று இப்போது போட்டுப் பார்த்தேன். 7,050. சரியாக உச்சத் திறன் இருக்கும் இடம்! ஒரிஜினலில் அதே இடத்தில் 6,180. 0.35 நொடி வேறெங்கிருந்தும் வரவில்லை.

#13 ஸ்ப்ராக்கெட்

தோல்வி எல்லாம் இல்லை தம்பி. உங்கள் கணக்கு இல்லாமல் நானும் குருட்டாம்போக்காகத்தான் சொல்லியிருப்பேன்.

பழைய பந்தயக் கார்களில் இதை எப்படிச் செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் ஹியூலேண்ட் கியர்பாக்ஸ் வந்த பிறகு, பெட்டியைக் காரிலிருந்து இறக்காமலே பின்மூடியைக் கழற்றி கியர் ஜோடிகளை மாற்ற முடிந்தது. பயிற்சி ஓட்டம் முடிந்ததும் மெக்கானிக் முதலில் ஓட்டுநரிடம் கேட்பது, எந்த வளைவில் எந்த கியர், எங்கே லிமிட்டர் இடிக்கிறது என்றுதான். ராத்திரி கையில் எண்ணெயோடு பல்சக்கரம் மாற்றுவார்கள். நாம் உட்கார்ந்த இடத்தில் ஸ்லைடரை நகர்த்துகிறோம். கேள்வி மட்டும் அதேதான்.

மஞ்சள்கோடு, இன்னும் ஒரு இடம் பாருங்கள். இரண்டாவது ஹேர்பின்னிலிருந்து வெளியே வரும்போது இரண்டிலிருந்து மூன்று போடுவது எங்கே வருகிறது? 87இல் வருமே. அப்போது ஸ்டீயரிங் நேராகிவிட்டதா?

#14 மஞ்சள்கோடு

இல்லை அண்ணா. கார் வெளிவிளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே ஷிப்ட் விளக்கு எரிகிறது. ஸ்டீயரிங் இன்னும் கால்வாசி திரும்பியிருக்கிறது. அந்த நேரத்தில் மாற்றினால் லேசான உலுக்கல், மாற்றாமல் காத்திருந்தால் லிமிட்டரில் தட்டுகிறது. இரண்டும் எரிச்சல். அடுத்து வருவது டிராக்கிலேயே நீளமான நேர்பாதை.

#15 எட்டாம்வளைவு

அப்படியானால் தனித்தனியாகத் தொடும் வசதிக்கு இப்போதுதான் வேலை வருகிறது. ஃபைனல் 3.27 இருக்கட்டும், மூன்று, நான்கு அப்படியே இருக்கட்டும். இரண்டாவதை மட்டும் 2.991இலிருந்து 2.824க்கு நீட்டுங்கள். முடிவு வேகம் 92 ஆகும்.

இதில் இரண்டு லாபம். ஷிப்ட் சில மீட்டர் தள்ளிப்போகும், நேராகிய பிறகு வரும். கூடவே, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நான் குறை சொன்ன அந்தப் பள்ளமும் சுருங்கும். 5,100க்கு விழுந்தது இப்போது 5,400இல் நிற்கும்.

விலை என்ன? முதல் ஹேர்பின்னில் 62இல் ரெவ் 5,350 இருந்தது 5,050 ஆகும். உச்ச டார்க் 4,800இல் என்பதால் அங்கே இழுவை தாராளமாக இருக்கும். ஒருவேளை ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முன்னதாகவே திறக்கலாம். நீண்ட கியரில் சக்கரத்துக்குப் போகும் டார்க் குறைவு, பின்சக்கரம் சுழல்வது குறையும்.

#16 ஈரத்தடம்

கடைசியாகச் சொன்னது முக்கியம். திறன் அதிகமுள்ள பின்சக்கரக் காரில் இது இன்னும் பெரிய விஷயம். 500 குதிரை உள்ள காருக்கு இரண்டாவது கியரைக் குட்டையாக வைத்தால் வளைவிலிருந்து வெளியே வரும்போது டயர் புகைதான் மிச்சம். அந்த மாதிரி காருக்கு முதல் இரண்டு கியரையும் நான் ஒரிஜினலைவிட நீட்டித்தான் வைப்பேன். டயரால் தரையில் இறக்க முடியாத டார்க்கைக் கூட்டி என்ன பயன்?

நீண்ட பந்தயங்களில் பெட்ரோலும் சேர்ந்துகொள்கிறது. எரிபொருள் மேப்பை ஒல்லியாக, அதாவது பெட்ரோல் குறைவாகப் போகும்படி, வைத்து, ரெட்லைனுக்கு முன்பே ஷிப்ட் போட்டு ஓட்டுவேன். அப்படி ஓட்டப்போகிறேன் என்றால் கியரை 7,500க்குக் கணக்குப் போட்டு வைக்கக் கூடாது, நான் உண்மையில் ஷிப்ட் போடும் ரெவ்வுக்குப் போட வேண்டும். இல்லையென்றால் எல்லாம் ஒரு படி விலகி நிற்கும். ஒரு பிட் நிறுத்தம் மிச்சமானால் லேப்புக்குப் பத்தில் ஒரு நொடி இழப்பது பெரிய விஷயமே இல்லை.

இன்னொரு தகவல். நிஜ ஃபார்முலா 1இல் 2013 வரை ஒரு சீசனுக்கு 30 கியர் ஜோடிகளை வைத்துக்கொண்டு டிராக்குக்கு டிராக் மாற்றினார்கள். 2014இலிருந்து எட்டு கியர், சீசன் தொடங்கும் முன்பே விகிதங்களை அறிவித்துவிட வேண்டும். வளைவு நிறைந்த மொனாக்கோவுக்கும் வேகமான மான்ஸாவுக்கும் ஒரே கியர்தான். நமக்கு இருக்கும் இந்தச் சுதந்திரம் அவர்களுக்கு இப்போது இல்லை. அதனால்தான் இதை நான் ரசித்துச் செய்கிறேன்.

#17 நெடுஞ்சாலை

இதே ரோட்ஸ்டரை நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபேவுக்குக் கொண்டுபோனால் என்ன செய்வது? 20.8 கி.மீ. டிராக், கடைசியில் டோட்டிங்கர் ஹோஹே நேர்பாதை இரண்டு கி.மீ.க்கு மேல். சுகுபா அமைப்போடு போனேன், நான்காவது 163இல் முடிந்து ஐந்தாவது 202 வரை வருகிறது. பரவாயில்லை, ஆனால் நான்கிலிருந்து ஐந்துக்குப் போனதும் ஏறத் திணறுகிறது. ஆறாவது போட்டால் வேகம் குறைகிறது.

#18 எட்டாம்வளைவு

ஆறாவது போட்டால் வேகம் குறைகிறது என்றால் அந்த கியரில் இன்ஜின் கொடுக்கும் திறனைவிடக் காற்று கேட்பது அதிகம் என்று அர்த்தம். ஃபைனல் 3.27இலும் ஆறாவதின் முடிவு 260. இன்னும் தூங்குகிறது, எழுப்புங்கள்.

இந்த மாதிரி டிராக்கில் மேலிருந்து கீழே வாருங்கள். உங்கள் கார் தனியாக ஓடும்போது சமதரையில் எவ்வளவு தொடுகிறது? 200 என்று வைத்துக்கொள்கிறேன். அந்த வேகத்தில் இன்ஜின் 7,000இல், உச்சத் திறனில் இருக்க வேண்டும். அப்படியானால் 7,500இல் 214 வரும். ஆறாவதை 1.214 ஆக்குங்கள். மேலே இருக்கும் 14 கி.மீ. இறக்கத்துக்கும் முன்னால் போகும் காரின் காற்று நிழலுக்கும். ஐந்தாவது 1.367, முடிவு 190. இப்போது படிகள் 92, 128, 163, 190, 214. மேலே போகப் போகச் சுருங்குகிறது.

காற்று நிழலை மட்டும் மறக்காதீர்கள். ஆன்லைன் பந்தயத்தில் முன்காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும்போது லிமிட்டரில் முட்டினால் முந்தவே முடியாது. தனியாக ஓட்டி மிகக் கச்சிதமாக வைத்த கியர் அங்கே காலை வாரிவிடும்.

#19 ஸ்ப்ராக்கெட்

நார்ட்ஷ்லைஃபேயில் எல்லா வளைவிலும் ஷிப்டைச் சரியாக விழ வைக்க முடியாது, அத்தனை வளைவு. அங்கே இரண்டு மூன்று இடத்தை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். அடுத்து நீளமாக ஏறவேண்டிய பகுதி எதற்கு முன்னால் இருக்கிறதோ அந்த வளைவுக்கு முதல் மரியாதை. மற்ற இடத்தில் ஒரு ஷிப்டை முன்பின் போட்டுச் சமாளிக்கலாம்.

#20 மஞ்சள்கோடு

வந்துவிட்டேன். இரண்டாவதை 2.824 ஆக்கி இரண்டு நாள் ஓட்டினேன். சராசரி இன்னும் 0.1 நொடி இறங்கியிருக்கிறது. மொத்தம் ஒரிஜினலைவிட 0.45. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பத்து லேப்பும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து நிற்கின்றன. மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் நடுவே 0.3கூட இல்லை.

முதல் ஹேர்பின்னில் ரெவ் குறைந்தது முதலில் வித்தியாசமாக இருந்தது. சத்தம் தளர்வாகக் கேட்டதால் மெதுவாகப் போகிறேன் என்று நினைத்தேன். கோஸ்ட்டைப் பார்த்தால் சமமாக இருக்கிறது. எட்டாம்வளைவு சொன்னபடியே ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முன்னதாகத் திறக்க முடிகிறது.

முதல் கியரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் தொடவில்லை. டைம் ட்ரையலில் அது தேவையே படவில்லை.

இந்த அமைப்பைத் தனி ஷீட்டில் சேமித்து சுகுபா என்று பெயர் வைத்துவிட்டேன். நாளைக்கு டீப் ஃபாரஸ்ட் போகிறேன். ஸ்லைடரைத் தொடும் முன் ஒரிஜினல் கியரில் ஐந்து லேப் ஓட்டி, ஒவ்வொரு ஷிப்டும் எங்கே விழுகிறது என்று தாளில் வரைந்துகொண்டு வருகிறேன். அண்ணா, எட்டாம்வளைவு, அப்போது இருப்பீர்கள்தானே?

#21 ஸ்ப்ராக்கெட்

இருப்போம் தம்பி. படத்தைப் போடுங்கள். மேடு இறக்கம் உள்ள டிராக், ஏற்றத்தில் எந்த ரெவ்வில் திணறுகிறது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.